குழந்தைக்கு 20,000 ரூபாய் சைக்கிள் தேவைதானா? விலையைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள்

பெருநகரக் கடைகளிலும் இணையத்திலும் குழந்தைகள் சைக்கிளில் ஒரு புது ரகம் வந்திருக்கிறது. பக்கச் சக்கரம் இல்லை, முன்னால் கூடை இல்லை, கார்ட்டூன் ஸ்டிக்கர் இல்லை. பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். விலைச் சீட்டைத் திருப்பினால்தான் தூக்கிவாரிப் போடும்: 12,000, 15,000, 20,000, சிலவற்றில் அதற்கும் மேலே. அதே 16 அங்குலச் சக்கரத்தோடு, கூடை, கேரியர், மணி, பக்கச் சக்கரம் எல்லாம் வைத்து 5,000 ரூபாய்க்கும் ஒரு வண்டி பக்கத்திலேயே நிற்கிறது.

“ரெண்டுலயும் ரெண்டு சக்கரம்தானே? ரெண்டு வருஷத்துல காலு நீண்டுடும், அப்புறம் பரண் மேலதான் ஏத்தணும். இதுக்கு எதுக்கு இவ்ளோ காசு?” என்கிறார் அப்பா. “லைட் வெயிட் சார், குழந்தைக்கு அதான் நல்லது” என்கிறார் கடைக்காரர்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. குழந்தையின் சைக்கிளில் எடை உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் குறைக்க வேண்டிய எடையில் முக்கியமான பகுதியை மிகக் குறைந்த கூடுதல் செலவில் குறைத்துவிடலாம். அதற்கு மேல் குறைக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும்தான் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அந்தக் கடைசி இரண்டு கிலோ தேவையில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். சில வீடுகளுக்குத் தேவை. அது எந்த வீடு என்பதையும் பார்ப்போம்.

எடைக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 5 வயதுக் குழந்தையின் நடுத்தர எடை சுமார் 18 கிலோ. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 16 அங்குல இரும்புச் சைக்கிள், பக்கச் சக்கரத்தோடு 9 முதல் 11 கிலோ வரை இருக்கும். 10 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். அதாவது குழந்தையின் எடையில் பாதிக்கும் மேல்.

இதையே பெரியவர்களுக்கு மாற்றிப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள அப்பாவுக்கு அதே விகிதத்தில் சைக்கிள் கொடுத்தால் அது 39 கிலோ இருக்கும். நம்ம ஊர் பால்காரர் ஓட்டிய அந்தப் பழைய கறுப்புச் சைக்கிளே ஏறக்குறைய 20 கிலோதான். இரண்டு பால்கார சைக்கிளை ஒன்றாகக் கட்டி, “ஏறி மிதிப்பா, பயப்படாதே” என்று சொல்வது போலத்தான் நாம் 5 வயதுப் பிள்ளையிடம் சொல்கிறோம்.

விலை உயர்ந்த 16 அங்குல இலகு சைக்கிள் ஐந்தரை கிலோவுக்குள் வருகிறது. குழந்தையின் எடையில் அது 30 சதவீதம். 70 கிலோ அப்பாவுக்கு அதே கணக்கைப் போட்டால் 21 கிலோ. அதாவது, ‘ரொம்ப இலகு’ என்று விற்கப்படும் குழந்தை சைக்கிள்கூட, பிள்ளையின் உடம்புக்கு ஒரு பால்கார சைக்கிள் கனம்தான். குழந்தைக்கு இலகு சைக்கிள் என்பது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரான சாலையில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் எடை அவ்வளவாகத் தெரியாது. நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது தெரியும். மெதுவாகத் திரும்பும்போது தெரியும். ஒரு பக்கம் சாயும் வண்டியைக் காலை ஊன்றிப் பிடித்து நிறுத்தும்போது தெரியும். விழுந்த வண்டியைத் தூக்கி நிமிர்த்தும்போது நன்றாகவே தெரியும். புதிதாகக் கற்கும் பிள்ளை முழு நேரமும் செய்வது இந்த நான்கையும்தான். பத்து நிமிஷத்தில் இருபது தடவை நின்று இருபது தடவை கிளம்பும். அதனால்தான் பெரியவர்களுக்குப் பொருட்டே இல்லாத இரண்டு கிலோ, பிள்ளைக்குப் பெரிதாகப் படுகிறது.

“நாங்க எல்லாம் குரங்கு பெடல் போட்டுத்தானே கத்துக்கிட்டோம்?”

இந்தக் கேள்வி எந்த வீட்டிலும் வராமல் இருக்காது. அப்பாவின் சைக்கிளில் பார்க்கு அடியில் காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் வளைத்து ஓட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்துக் கற்றவர்களும் இருக்கிறார்கள். ‘குரங்கு பெடல்’ என்ற பெயரிலேயே 2024-ல் ஒரு தமிழ்ப் படம் வந்தது. அந்த அளவுக்கு அது நம் நினைவில் ஊறிய விஷயம்.

ஆனால் மூன்று விஷயங்களை மறந்துவிடுகிறோம். ஒன்று, அப்படிக் கற்றவர்களில் பெரும்பாலோர் அப்போது எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். இன்று நாம் நான்கு வயதிலேயே ஏற்றிவிடுகிறோம். இரண்டாவது, அவர்களுக்கு விழுந்தால் பரவாயில்லை என்கிற மண் தரையும், கார் வராத தெருவும் இருந்தன. மூன்றாவது, கற்றுக்கொண்டவர்கள்தான் கதை சொல்கிறார்கள். முட்டி உடைந்து விட்டுவிட்டவர்கள் சொல்வதில்லை. “பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை” என்று இரண்டாவது தடவை விழுந்ததுமே வீட்டுக்குள் அழைக்கப்பட்ட சிறுமிகளின் கதை அதில் சேரவே இல்லை. இன்றும் சைக்கிள் ஓட்டத் தெரியாத நடுத்தர வயதுப் பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கனமான வண்டியில் கற்க முடியும். ஆனால் அதில் கற்க அதிக வயதும், அதிக தைரியமும், விழுந்தாலும் திரும்பத் திரும்ப ஏற்றிவிட ஆளும் வேண்டும். வண்டி இலகுவாக இருந்தால் இவை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் போதும். “என் பிள்ளைக்கு சைக்கிள் வரலை, பயப்படுறா” என்று சொல்லும் பெற்றோர், பிள்ளையைச் சொல்வதற்கு முன் ஒரு தடவை வண்டியைத் தூக்கிப் பார்க்கலாம்.

அந்த விலை எங்கே போகிறது?

குழந்தைகள் சைக்கிள் என்றால் நெடுங்காலம் பெரியவர்கள் சைக்கிளின் சிறிய நகல்தான். அதே கனத்த குழாய், அதே அளவு பிரேக் பிடி, சக்கரம் மட்டும் சின்னது. பிரிட்டனில் ஐலா ரவுன்ட்ரீ என்ற சைக்கிள் பந்தய வீராங்கனை 2006-ல் தொடங்கிய ஐலாபைக்ஸ் நிறுவனம் குழந்தையின் உடம்பை அளவாக வைத்து வண்டியை வடிவமைத்துப் பெயர் பெற்றது. 2013-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் வூம், அதே ஆண்டில் பிரிட்டனில் ஃப்ராக் என்று இதே வழியில் நிறுவனங்கள் வந்தன. வூமின் 16 அங்குல வண்டி அமெரிக்காவில் 350 டாலருக்கு மேல். நம் பணத்தில் 30,000 ரூபாயை ஒட்டி வரும்.

இவர்கள் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. இரும்புக்குப் பதில் அலுமினியச் சட்டம். ஒரே கன அளவுக்கு இரும்பின் எடை அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அலுமினியக் குழாயைக் கொஞ்சம் தடிமனாகப் போட வேண்டும் என்பதால் வண்டியின் எடை மூன்றில் ஒன்றாகிவிடாது. பிறகு தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டார்கள். முன்பக்க ஷாக் அப்சார்பர் இல்லை, இரும்புக் கேரியர் இல்லை. கடைசியாக, பிள்ளையின் விரலுக்கு எட்டுகிற பிரேக் பிடி, குட்டையான பெடல் தண்டு, மெல்லிய கைப்பிடி என்று சின்ன அளவிலேயே உதிரிப் பாகங்களைச் செய்ய வைத்தார்கள்.

விலை ஏறுவதற்கு இந்தக் கடைசி விஷயம் ஒரு முக்கியக் காரணம். லட்சக்கணக்கில் வார்க்கும் பாகத்தைவிடக் குறைந்த எண்ணிக்கையில் தனியாகச் செய்யும் பாகத்துக்குக் காசு கூடும். எல்லாமே கொள்ளை லாபம் என்று சொல்லிவிட முடியாது. இவ்வளவு பெயர் வாங்கிய ஐலாபைக்ஸே 2023-ல் புது வண்டிகள் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அதற்காக நாம் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை.

எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம்

இலகுவான வண்டியிலும் பிள்ளையால் பிரேக் பிடிக்க முடியாவிட்டால் பிரயோஜனம் இல்லை. எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது பிரேக். விலை குறைந்த பல வண்டிகளில் பிரேக் பிடி பெரியவர் கைக்கான தூரத்தில் இருக்கும், ஒயரும் விறைப்பாக இருக்கும். பிள்ளை அதை எட்டிப் பிடிக்கவே முடியாமல் காலைத் தேய்த்து நிறுத்தும். செருப்பு தேய்வதை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பல வண்டிகளில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் பிடி கைக்கு நெருங்கி வரும். மெக்கானிக்குக்கு ஐந்து நிமிஷ வேலை.

இரண்டாவது உட்காரும் உயரம். “வளர்ற புள்ளை, ஒரு சைஸ் பெரிசா வாங்கிடுங்க” என்பது சட்டைக்குச் சரி, சைக்கிளுக்குச் சரியில்லை. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். கற்றுக்கொண்ட பிறகு சீட்டை உயர்த்திக்கொள்ளலாம். பெரிய சைஸ் வண்டியில் கனமும் கூடுதல், கால் எட்டாத பயமும் கூடுதல்.

மூன்றாவது பெடல் தண்டின் நீளம். பெரியவர்கள் வண்டியில் இது சாதாரணமாக 170 மில்லிமீட்டர். 16 அங்குல வண்டி ஓட்டும் பிள்ளைக்கு 90 முதல் 100 மில்லிமீட்டர் போதும். தண்டு நீளமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி வயிற்றுக்கு அருகில் வந்துபோகும், பிள்ளை இரண்டு பக்கமும் ஆடி ஆடி மிதிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. 10,000 ரூபாய்க்கு மேலே இருப்பதாலேயே ஒரு வண்டி இலகுவாகிவிடாது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், தடித்த டயர், 21 கியர் என்று ‘குட்டி மலை பைக்’ ஆக விற்கப்படும் வண்டிகளில் பல, சாதாரண வண்டியைவிடக் கனமானவை. 20 கிலோ பிள்ளையின் எடைக்கு அந்த விறைப்பான ஸ்பிரிங் சரியாக அமுங்குவதே இல்லை. சும்மா சுமந்துகொண்டு போகிற இரும்புதான் அது.

பணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்

மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். முதல் வண்டி 5,000 ரூபாய், 10 கிலோ. இரண்டாவது 9,000 ரூபாய், 8 கிலோ. அதிக அலங்காரம் இல்லாத நடுத்தர ரகம். மூன்றாவது 20,000 ரூபாய், ஐந்தரை கிலோ. மூன்றையும் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்கிறோம். முதல் வண்டி 1,000 ரூபாய்க்கும், இரண்டாவது 3,000-க்கும், மூன்றாவது 8,000-க்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், கணக்கின் போக்கு மாறாது.

நிகரச் செலவு: முதல் வண்டிக்கு 4,000, இரண்டாவதுக்கு 6,000, மூன்றாவதுக்கு 12,000.

முதல் வண்டியிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் 2,000 ரூபாயில் 2 கிலோ குறைகிறது. கிலோவுக்கு 1,000 ரூபாய். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போனால் 6,000 ரூபாயில் இரண்டரை கிலோ. கிலோவுக்கு 2,400 ரூபாய். முதல் இரண்டு கிலோ மலிவு, அடுத்த இரண்டரை கிலோ விலை அதிகம்.

வெளிநாட்டுப் பெற்றோர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: “பழைய வண்டிக்கு நல்ல விலை கிடைக்கும், அதனால் நஷ்டமில்லை.” பிரிட்டனில் அது உண்மைதான். ஐலாபைக்ஸ் போன்ற வண்டிகளைப் பழையதாக வாங்க அங்கே ஆள் காத்திருக்கும். 20,000 ரூபாய் வண்டி 14,000-க்கு விற்றுப்போனால் நிகரச் செலவு 6,000-தான். நடுத்தர வண்டியும் அதுவும் ஒன்றாகிவிடும்.

நம் ஊரில் அந்தச் சந்தை இன்னும் வளரவில்லை. பழைய குழந்தை சைக்கிளை நாம் தம்பிக்குக் கொடுப்போம், வீட்டு வேலை செய்யும் அக்காவின் பிள்ளைக்குக் கொடுப்போம், இல்லையென்றால் எடைக்குப் போடுவோம். 20,000 கொடுத்து வாங்கிய வண்டி என்று சொன்னால் பழைய சைக்கிள் வாங்க வருபவர் சிரிப்பார். ஆகவே வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு “வித்துக்கலாம்” என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள். விற்க முடிந்தால் அது போனஸ்.

உதிரிப் பாகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 16 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் டயர் எல்லாம் ஒன்றல்ல. டயரின் பக்கவாட்டில் 305 என்று முடியும் எண் இருந்தால் சாதாரண கடையிலேயே டயர், ட்யூப் கிடைக்கும். 349 என்று இருந்தால் தேட வேண்டியிருக்கும். 20 அங்குலத்தில் 406 சாதாரணம், 451 அரிது. வாங்கும் முன்னே தெரு முனை சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: “அண்ணே, இதுக்கு டயர் கிடைக்குமா?”

எந்த வீட்டுக்குத் தகும்?

குடும்பமே சைக்கிள் ஓட்டுகிற வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, அம்மா, பிள்ளை என்று எட்டு, பத்து கிலோமீட்டர் போகிற பழக்கம் இருந்தால், கனமான வண்டியில் பிள்ளைதான் முதலில் சோர்ந்துபோகும். பாதி வழியில் அதையும் அதன் வண்டியையும் நீங்கள் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

மேடும் பள்ளமுமான ஊர். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் காலில் தெரியும். சென்னை, தஞ்சாவூர் போன்ற சமதள ஊர்களில் அவ்வளவு தெரியாது.

வயதுக்குச் சின்ன உடம்புள்ள பிள்ளை, அல்லது தசை பலம் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருக்கும் பிள்ளை. இங்கே இலகு வண்டிதான் ஓட்டுவதற்கும் ஓட்டாமல் இருப்பதற்குமான வித்தியாசமாக இருக்கலாம். இங்கே நான் கணக்கே பார்க்க மாட்டேன்.

இரண்டு, மூன்று பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துப் போகப்போகிற வண்டி. அலுமினியச் சட்டம் துருப்பிடிக்காது. கடலோர ஊர்களில் இது பெரிய லாபம். ஆனால் செயினும் போல்ட்டும் துருப்பிடிக்கும், எண்ணெய் போட வேண்டும்.

இவற்றில் எதுவுமே இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மாலையில் அரை மணி நேரம் சுற்றப்போகிற வண்டி என்றால் 20,000 ரூபாய் தேவையே இல்லை. மாதத் தவணை போட்டு வாங்க வேண்டிய பொருளும் இது இல்லை.

செலவழிக்க முடியும் என்றால் எந்த சைஸில் செலவழிப்பது என்பதும் முக்கியம். பலர் முதல் சைக்கிளுக்கு ஆசையாக அதிகம் கொடுத்துவிட்டு அடுத்ததில் சிக்கனம் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். 12 அங்குல வண்டி ஒன்றரை வருஷம்கூடத் தாங்காது, காம்பவுண்டைத் தாண்டாது. 20 அங்குல வண்டியைப் பிள்ளை ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஓட்டும். அதில்தான் கடைக்குப் போகும், டியூஷனுக்குப் போகும், உங்களோடு சாலைக்கு வரும். 8 வயதுப் பிள்ளையின் எடை சுமார் 25 கிலோ. கியரும் ஷாக் அப்சார்பரும் வைத்த 20 அங்குல வண்டிகளில் சில 13, 14 கிலோ இருக்கின்றன. மறுபடியும் பாதிக்கு மேல். இலகு ரகத்தில் அதே சைஸ் 8 கிலோவை ஒட்டி வருகிறது. கையில் கூடுதலாக 5,000 ரூபாய் இருந்தால் இந்த இடத்தில் போடுங்கள். சமதள ஊர் என்றால் கியரே வேண்டாம். வேண்டுமென்றால் பின்சக்கரத்தில் மட்டும் ஆறோ ஏழோ போதும்.

5,000 ரூபாய் வண்டியையே மாற்றலாம்

எல்லோராலும் 9,000 கொடுக்க முடியாது. கொடுக்கவும் வேண்டியதில்லை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் வண்டியிலேயே ஒரு சாயங்கால வேலையில் நிறைய மாற்ற முடியும்.

முதலில் பக்கச் சக்கரத்தைக் கழற்றுங்கள். சைக்கிள் திரும்புவதே சாய்ந்துதான். பக்கச் சக்கரம் சாயவே விடாது. அதில் ஆறு மாதம் ஓட்டிய பிள்ளை பெடல் மிதிக்கக் கற்றிருக்கும், சைக்கிள் ஓட்டக் கற்றிருக்காது.

அடுத்து இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டைக் கீழே இறக்குங்கள். பிள்ளை தரையைக் காலால் தள்ளித் தள்ளிப் போகட்டும். கடைகளில் ‘பேலன்ஸ் பைக்’ என்று தனியாக விற்பது இதைத்தான். ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் 1817-ல் ஓட்டிக்காட்டிய முதல் இருசக்கர வண்டியும் பெடல் இல்லாமல் காலால் தள்ளிப் போனதுதான். ஒரு விஷயம்: இடது பெடலின் மறை தலைகீழானது. வழக்கமாக இறுக்குகிற திசையில் திருப்பினால்தான் அது கழலும். தெரியாமல் முறுக்கினால் மறை போய்விடும். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். சில வாரங்களில் காலைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மிதந்து போகத் தொடங்கும். அன்றைக்குப் பெடலை மாட்டுங்கள்.

மூன்றாவது, கூடை, இரும்புக் கேரியர், பின்னால் முதுகு சாயும் கம்பி போன்றவற்றை எடுத்துவிடுங்கள். பக்கச் சக்கரத்தையும் சேர்த்தால் பல வண்டிகளில் ஒரு கிலோவுக்கு மேல் குறையும். செயின் கவர், மணி, ஒளி பிரதிபலிக்கும் சிவப்பு வில்லை ஆகியவற்றை மட்டும் தொடக்கூடாது. செயின் கவர் இல்லாவிட்டால் பாவாடையும் பேன்ட்டும் மாட்டும், விரலும் மாட்டும்.

நான்காவது, காற்றைச் சரிபாருங்கள், செயினுக்கு எண்ணெய் போடுங்கள், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி பிரேக் கட்டை உரசுகிறதா என்று பாருங்கள். பிள்ளை “மிதிக்கவே முடியலப்பா” என்று சொல்கிற வண்டிகளில் பலவற்றுக்குக் கனம் மட்டும் காரணமில்லை. காற்று இல்லாத டயரும் உரசுகிற பிரேக்கும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கின்றன.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ‘சர்ப்ரைஸ்’ என்று தனியாகப் போய் வாங்கி வராதீர்கள். போகும் முன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, கால் இடுக்கிலிருந்து தரை வரை உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சீட்டை முழுக்க இறக்கினால் அதன் உயரம் இந்த அளவைத் தாண்டக்கூடாது.

பயணப் பெட்டி எடை பார்க்கும் சின்னக் கொக்கித் தராசு இருந்தால் கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பல வண்டிகளில் எடையை எங்கேயும் எழுதியிருக்க மாட்டார்கள். பிள்ளையின் எடையில் 40 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பாதியைத் தாண்டினால் வேறு வண்டி பாருங்கள்.

பிள்ளையை ஏற்றி உட்கார வைத்து பிரேக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வண்டியை முன்னால் தள்ளுங்கள். பிள்ளையின் பிடியில் சக்கரம் நிற்க வேண்டும். பிறகு வண்டியைத் தரையில் படுக்க வைத்து, “தூக்கி நிறுத்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள். உதவி இல்லாமல் தூக்க முடிந்தால் அது பிள்ளையின் வண்டி. முடியாவிட்டால், யார் பெயரில் பில் போட்டாலும் அது உங்கள் வண்டிதான்.

மிச்சப்படுகிற காசில் முதலில் ஹெல்மெட் வாங்குங்கள், தலையில் ஆடாத அளவில். 20,000 ரூபாய் சைக்கிள் வாங்கிவிட்டு ஹெல்மெட்டை “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிவைக்கிற வீட்டைவிட, 6,000 ரூபாய் சைக்கிளும் நல்ல ஹெல்மெட்டும் வாங்குகிற வீடு புத்திசாலி வீடு.

வண்டியைவிடப் பெரிய கேள்வி ஒன்று

எவ்வளவு இலகுவான சைக்கிளாக இருந்தாலும் அது ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டும். நம் பூங்காக்கள் பலவற்றின் வாசலில் ‘சைக்கிளுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதியிருக்கிறது. நடைபாதையில் பைக் நிற்கிறது. குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் “பிள்ளைங்க கார்ல கீறல் போடுறாங்க” என்ற புகார்தான் எழுகிறது. 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடியாடும் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை எங்கே செலவழிப்பது என்பதற்குக் கடையில் பதில் கிடையாது.

ஆகவே வாங்கும் முன் முதலில் தேட வேண்டியது இடத்தை. ஞாயிறு காலையில் காலியாக இருக்கும் பள்ளி மைதானம், பண்டிகை நாளில் வண்டி போகாத உள் தெரு, சங்கத்தில் பேசி மாலை 5 முதல் 6 வரை கார் நகராமல் ஒதுக்கி வைக்கிற பாதை. இடமும், கூடவே ஓட ஒரு மணி நேரம் ஒதுக்கும் பெரியவர் ஒருவரும் இருந்தால் நடுத்தர வண்டியே தாராளமாகப் போதும். இவை இரண்டும் இல்லாத வீட்டில் ஐந்தரை கிலோ சைக்கிளும் பால்கனியில் துணி காயப்போடும் கம்பியாகத்தான் நிற்கும். என்ன, மழை வந்தால் உள்ளே தூக்கி வைக்கக் கொஞ்சம் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான்.